79ஆவது நிமிடத்தில் டிவியை அணைத்தவன் கேட்கிறேன், உலகக் கோப்பையை எப்படிப் பார்ப்பது?

அரைத்தூக்கம்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், திட்டாதீர்கள். 2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அர்ஜென்டினா 2, பிரான்ஸ் 0. 79ஆவது நிமிடம். பிரான்ஸ் அதுவரை கோல் பக்கம் உருப்படியாக ஒன்றுகூட அடிக்கவில்லை, எனக்கோ மறுநாள் விடியற்காலையில் எழ வேண்டும், சரி, இனி என்ன ஆகிவிடப் போகிறது என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். 80இல் எம்பாப்பே ஒரு பெனால்டி, 81இல் இன்னொரு கோல், அப்புறம் கூடுதல் நேரம், 3-3, ஷூட் அவுட், மெஸ்ஸி கையில் கோப்பை. இத்தனையும் காலையில் போனைத் திறந்தபோதுதான் தெரியும். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பட்டப்பெயரே 79.

இந்த முறை, 2026இல், அப்படி விடக்கூடாது என்று பார்க்கிறேன். ஆனால் அட்டவணையைத் திறந்தால் தலை சுற்றுகிறது. 48 அணிகள், 12 குரூப், 104 ஆட்டங்கள், ஜூன் 11இல் ஆரம்பித்து ஜூலை 19 வரை, அதுவும் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில். நான் கால்பந்து வெறியன் இல்லை. கிளப் ஆட்டங்கள் பார்ப்பதில்லை. மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே தெரியும், அதற்கு மேல் கேட்டால் முழிப்பேன். ஆஃப்சைடு இன்றுவரை புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டுவேன். வேலையையும் தூக்கத்தையும் விடாமல் இதை ரசித்துப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா? எதைப் பார்க்க வேண்டும், எதை விடலாம்?

மூன்றாமிடம்

104ஐயும் யாராலும் பார்க்க முடியாது, அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களாலும் முடியாது. அதனால் அந்தக் குற்ற உணர்வை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள்.

என் யோசனை ஒன்றுதான். ஒரு அணியைப் பிடிக்காதீர்கள், ஒரு குரூப்பைப் பிடியுங்கள். நான்கு அணிகள், ஆறு ஆட்டங்கள். கடைசி இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால் உட்கார வேண்டியது ஐந்தே முறை. பெரிய அணியைப் பிடித்துக்கொண்டு அதன் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்கு ஸ்கோர்தான் தெரியும். குரூப்பாகப் பார்த்தால்தான் ஒரு கோல் எங்கே போய் யாரைக் குத்துகிறது என்பது தெரியும்.

2022இல் நான் பிடித்தது ஈ குரூப். ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான், கோஸ்டா ரிகா. முதல் நாளே ஜப்பான் ஜெர்மனியை 2-1 என்று சாய்த்தது. ஸ்பெயின் கோஸ்டா ரிகாவை 7-0. அந்த ஏழாவது கோல் விழும்போது நானே சலித்துப்போய் "போதும்ப்பா, விடுங்கள்" என்றேன். அடுத்தது கோஸ்டா ரிகா ஜப்பானை 1-0 என்று வென்றது, ஸ்பெயினும் ஜெர்மனியும் 1-1. கடைசி நாள் கிளம்பும்போது ஸ்பெயின் 4 புள்ளி, ஜப்பான் 3, கோஸ்டா ரிகா 3, ஜெர்மனி 1. நான்கு பேருக்கும் வழி இருந்தது.

டிவியில் ஜப்பான் - ஸ்பெயின், மடியில் போனில் ஜெர்மனி - கோஸ்டா ரிகா. இடைவேளையில் ஸ்பெயின் 1-0, ஜெர்மனி 1-0, எல்லாம் எதிர்பார்த்தபடி. இரண்டாம் பாதி தொடங்கி 48இல் ஜப்பான் ஒன்று, 51இல் இன்னொன்று. அந்த இரண்டாவது கோலுக்கு முன்னால் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பார்வைக்குப் பந்து வெளியே புல்லில்தான் கிடந்தது. ஆனால் பந்து முழுதாகத் தாண்டினால்தான் வெளியே. அதன் வயிற்றுப் பகுதி, மேலிருந்து பார்த்தால் நூலளவு, கோட்டின் மேல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கோல் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் 70ஆவது நிமிடத்தில் கோஸ்டா ரிகா 2-1 என்று முன்னேறிவிட்டது. அந்த நொடியில் ஜப்பானுக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் தலா 6, ஸ்பெயினும் ஜெர்மனியும் இரண்டு பேருமே வெளியே! மூன்றே நிமிடம். 73இல் ஜெர்மனி சமன் செய்தது, கடைசியில் 4-2 என்று வென்றும் விட்டது.

வென்றும் வெளியேறியது. ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் தலா 4 புள்ளி, ஆனால் கோல் வித்தியாசம், அதாவது அடித்ததில் வாங்கியதைக் கழித்தது, ஸ்பெயினுக்கு 6, ஜெர்மனிக்கு 1. நான் சலித்துக்கொண்ட அந்த 7-0தான் எட்டு நாள் கழித்து ஸ்பெயினைக் கரை சேர்த்தது. முதல் ஆட்டத்திலிருந்து உட்காராமல் கடைசி நாள் மட்டும் வந்திருந்தால் இதில் பாதி புரிந்திருக்காது.

நாக்அவுட் நாயகன்

மூன்றாமிடம் சொல்வது அழகான கதை, ஆனால் பழைய கதை. அப்போது 32 அணிகளில் 16 பேர் மேலே போனார்கள். இப்போது 48இல் 32 பேர். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு, போதாதென்று 12 மூன்றாமிடக்காரர்களில் எட்டு பேர். மூன்றில் இரண்டு பங்கு பாஸாகிற பரீட்சையில் என்ன விறுவிறுப்பு? தலைவரே, நேராக 32 பேர் சுற்றிலிருந்து பாருங்கள். தோற்றால் வீடு. புள்ளிக் கணக்கு, வித்தியாசக் கணக்கு ஒன்றும் வேண்டாம். அங்கிருந்து எண்ணினாலே 32 ஆட்டம் இருக்கிறது, அதற்கே உங்களுக்கு நேரம் இருக்காது.

மூன்றாமிடம்

என் பெயரைப் பார்த்துவிட்டுமா இப்படிச் சொல்கிறீர்கள்?

மூன்றாமிடம் மேலே போகும் முறையில்தான் கொடூரமே இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஆறு குரூப், மூன்றாமிடக்காரர்களில் நான்கு பேருக்கு இடம். ஹங்கேரி முதல் இரண்டிலும் தோற்றுவிட்டு ஸ்காட்லாந்தோடு ஆடியது. 90 நிமிடம் முடிந்து, இஞ்சுரி டைமிலும் பத்தாவது நிமிடத்தில் கோல். 1-0. மைதானத்தில் அழுகை, கட்டிப்பிடிப்பு, எல்லாம். 3 புள்ளியோடு மூன்றாமிடம். அதன்பின் அவர்களுக்கு ஆட்டமே இல்லை, மற்ற குரூப்கள் முடியும்வரை மூன்று நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜூன் 26 இரவு, முதல்முறையாக யூரோ ஆடிய ஜார்ஜியா போர்ச்சுகலை 2-0 என்று வீழ்த்தியதும் ஹங்கேரிக்குக் கதவு மூடியது. அதே தொடரில் ஸ்லோவேனியா மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து அதே 3 புள்ளியோடு மேலே போய்விட்டது. ஹங்கேரிக்கு வித்தியாசம் மைனஸ் 3, ஸ்லோவேனியாவுக்குப் பூஜ்யம். ஒன்றைக்கூட வெல்லாதவன் உள்ளே, வென்றவன் வெளியே.

இன்னொன்று, மூன்றாமிடத்தில் தட்டுத்தடுமாறி ஏறியவன் சும்மா போய்விட மாட்டான். போர்ச்சுகல் யூரோ 2016இல் குரூப்பில் ஒன்றையும் வெல்லவில்லை, மூன்றும் டிரா. கோப்பையை வாங்கியது அவர்கள்தான். ஐவரி கோஸ்ட் 2024 தொடக்கத்தில் சொந்த மண்ணில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் எக்குவடோரியல் கினியாவிடம் 4-0 என்று அடி வாங்கி, பயிற்சியாளரை நடுத்தொடரிலேயே வீட்டுக்கு அனுப்பி, வேறொரு குரூப்பில் மொராக்கோ ஜாம்பியாவை வென்ற புண்ணியத்தில் உயிர் பிழைத்தது. இறுதியில் நைஜீரியாவை 2-1. இதையெல்லாம் நாக் அவுட்டிலிருந்து பார்க்க ஆரம்பித்தவர்கள் "ஐவரி கோஸ்ட் வென்றது" என்று ஒரு வரியாகத்தான் அறிவார்கள்.

அரைத்தூக்கம்

இரண்டு பேருக்கும் நன்றி. குரூப் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஐந்து முறை உட்காருவது முடியும்.

அந்தக் கடைசி இரண்டு ஆட்டம் மட்டும் ஏன் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள்? ஒன்றின்பின் ஒன்றாக வைத்தால் இரண்டையும் நிம்மதியாகப் பார்க்கலாமே. அப்புறம் யாராவது ஆஃப்சைடைச் சொல்லுங்கள். வரைபடம் போடாமல், இரண்டு பக்கக் கட்டுரை எழுதாமல்.

கொடிப்பையன்

தம்பி, நான் பல வருடம் பள்ளி ஆட்டங்களில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவன், ஆஃப்சைடுக்காக அப்பா அம்மாக்களிடம் திட்டு வாங்கியே காது மரத்தவன், அதனால் இதை நான் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். 1982, ஸ்பெயினில் ஹிஹோன் நகரம். அல்ஜீரியா அந்தத் தொடரில் மேற்கு ஜெர்மனியையே 2-1 என்று வென்றிருந்தது, தன் கடைசி ஆட்டத்தையும் முந்தைய நாளே முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். ஜெர்மனி ஒரு கோலில் வென்றால் இரண்டு பேரும் மேலே போகலாம், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி கோல் அடித்தது. அதோடு சரி. மீதி எண்பது நிமிடமும் இரண்டு அணியும் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளை எடுத்து ஆட்டினார்கள். விதிப்படி குற்றமில்லை, அதனால் முடிவு நின்றது. 1986இலிருந்து கடைசிச் சுற்று ஒரே நேரத்தில். வேடிக்கை என்னவென்றால் இந்த முறை ஜே குரூப்பில் அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் ஒன்றாக இருக்கிறார்கள். கூடவே அர்ஜென்டினா, ஜோர்டான்.

இப்போது ஆஃப்சைடு. பந்தைப் பார்க்காதீர்கள், அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பந்தை உதைக்கிறவன் கால் பந்தில் படுகிற அந்த நொடியை மனதில் படம் பிடியுங்கள். அந்தப் படத்தில், எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்பவன் எங்கே? கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர், ஆக நமக்கு வேண்டியது பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களில் கோலுக்கு மிக அருகில் நிற்பவன். அவனையும் பந்தையும் தாண்டி, எதிரணிப் பாதியில், பந்து வரப்போகிறவனின் தலையோ உடம்போ காலோ இருந்தால் ஆஃப்சைடு. கை கணக்கில்லை. உதைத்த பிறகு ஓடித் தாண்டினால் தப்பே இல்லை. பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பந்து போய்ச் சேர்ந்த நேரம்தான் தெரியும், அதற்குள் அவன் மூன்று அடி முன்னால் போயிருப்பான், "ஆஃப்சைடு!" என்று கத்துவார்கள். த்ரோ, கார்னர், கோல் கிக், இந்த மூன்றிலிருந்து நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது.

இதை விளங்கிக்கொள்ள 2022இல் அர்ஜென்டினா - சவூதி அரேபியா முதல் பாதியைப் போட்டுப் பாருங்கள். சவூதி தடுப்பாட்டக்காரர்கள் பெனால்டி பெட்டிக்குள் போய் ஒளியாமல் ஒரே கோடாக நடு மைதானம் வரை ஏறி நின்றார்கள். பைத்தியக்காரத்தனம் மாதிரி இருந்தது. அர்ஜென்டினா மூன்று முறை பந்தை வலைக்குள் போட்டது, மூன்றும் ஆஃப்சைடு. இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் சவூதி இரண்டு கோல், 2-1. அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள், நான்கைந்து பேர் கயிறு கட்டி இழுத்த மாதிரி ஒன்றாக முன்னே வருவார்கள்.

கோல்கம்பம்

அண்ணா, இப்போதெல்லாம் கோல் விழுந்து, ஆடிப் பாடி, ஜெர்ஸிக்கு முத்தம் கொடுத்து முடித்த பிறகுதானே லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குகிறார். உங்கள் ஆட்களுக்குக் கை வலியா?

கொடிப்பையன்

கை வலி இல்லை, உத்தரவு. சந்தேகமான ஆஃப்சைடு என்றால் ஆட்டத்தை ஓட விட்டு, முடிந்த பிறகு கொடியைத் தூக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். காரணம் வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவுகிற முறை. முன்கூட்டியே கொடி தூக்கி நடுவர் விசில் ஊதிவிட்டால், அது தப்பு என்று தெரிந்தாலும் அந்தக் கோலைத் திருப்பித் தர முடியாது. கோல் விழுந்த பிறகு தூக்கினால் வீடியோவில் பார்த்துச் சரிசெய்யலாம். வி.ஏ.ஆர். உலகக் கோப்பைக்கு வந்தது 2018இல், கேமராவும் பந்துக்குள் சென்சாரும் வைத்து ஆஃப்சைடை அளப்பது 2022இல். அதனால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, கோல் விழுந்ததும் நடுவரைப் பாருங்கள். காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றால் உட்காருங்கள்.

இரவுப்பறவை

யாரும் தேதியைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அட்டவணையில் மைதானத்தின் உள்ளூர் நேரம்தான் போட்டிருப்பார்கள். அங்கே 14ஆம் தேதி இரவு ஆட்டம் என்றால் நமக்கு 15ஆம் தேதி காலையாக இருக்கலாம். 2014இல் பிரேசிலில் நடந்தபோது நான் மிகப் பொறுப்பாக அலாரம் வைத்து ராத்திரி எழுந்து உட்கார்ந்தேன், ஆட்டம் ஏற்கெனவே முந்தைய இரவே முடிந்துவிட்டிருந்தது. இந்த முறை மூன்று நாடு, ஒன்றுக்கு மேற்பட்ட நேர மண்டலம், இன்னும் குழப்பம். உங்கள் குரூப்பின் ஆறு ஆட்டத்தையும் உங்கள் கடிகார நேரத்துக்கு மாற்றி, கிழமையோடு போன் காலண்டரில் ஒருமுறை போட்டுவிடுங்கள். தேதியைவிடக் கிழமைதான் காப்பாற்றும்.

அடுத்தது, நேரலை என்று போனில் வருவது நேரலை இல்லை. நான் பார்த்த ஒரு செயலி அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கி ஓடியது. பெனால்டி எடுக்க ஆள் பந்தை வைத்துக் கொண்டிருக்கிறார், பக்கத்து வீட்டில் "ஐயோ" என்று சத்தம். அந்த ஐயோவுக்கு அப்புறம் நான் எதைப் பார்ப்பது? ஆன்டெனாவோ கேபிளோ இருந்தால் அதில் பாருங்கள், இல்லையென்றால் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்துவிட்டு, நண்பர்கள் குழுவை இரண்டு மணி நேரத்துக்கு மூடி வையுங்கள்.

தூக்கம் முக்கியம் என்றால் காலையில் முழு ஆட்டத்தைப் பாருங்கள், மூன்று நிமிடச் சுருக்கம் வேண்டாம். சுருக்கத்தில் எல்லா ஆட்டமும் அருமையான ஆட்டமாகத்தான் தெரியும். முழு ஆட்டத்துக்குப் பொறுமை இல்லையென்றால் 60ஆவது நிமிடத்திலிருந்து போட்டுப் பாருங்கள், மாற்று வீரர்கள் இறங்குவது, கால் களைப்பது, தடுமாற்றம், எல்லாம் அங்கிருந்துதான்.

நாக்அவுட் நாயகன்

இதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்று வந்த பிறகு கடைசி அரை மணி நேரம் வேறு ஆட்டம்தான். களைத்த தடுப்பாட்டக்காரன் முன்னால் புத்தம் புதுக் காலோடு ஒருவன் வந்து நிற்பான்.

79க்கு என் பங்குக்கு நாக் அவுட் பாடம். 90 நிமிடத்தில் சமம் என்றால் 15, 15 என்று 30 நிமிடக் கூடுதல் நேரம். முதலில் கோல் அடித்தவன் ஜெயித்தான் என்கிற தங்க கோல் விதி எல்லாம் போய்ப் பல வருடம் ஆகிறது, 30 நிமிடமும் முழுதாக ஆட வேண்டும். அப்புறமும் சமம் என்றால் ஷூட் அவுட். இது உலகக் கோப்பை, யூரோ. தென் அமெரிக்காவின் கோப்பையான கோபா அமெரிக்கா 2024இல் இறுதி ஆட்டம் தவிர மற்ற நாக் அவுட்களில் கூடுதல் நேரமே இல்லை, 90 முடிந்ததும் நேராகப் பெனால்டிதான். ஒவ்வொரு தொடருக்கும் விதி வேறு, ஆரம்பத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

90 என்பதும் 90 இல்லை. 2022இல் நெதர்லாந்து அர்ஜென்டினாவோடு 2-0 என்று பின்தங்கி, 83இல் ஒன்று போட்டு, இஞ்சுரி டைம் பதினோராவது நிமிடத்தில் ஃப்ரீ கிக்கில் ஒரு தந்திரம் செய்தார்கள். எல்லோரும் நேராகக் கோலுக்கு அடிப்பான் என்று சுவர் கட்டி நிற்க, தரையோடு மெதுவாகப் பக்கத்தில் தள்ளி, உள்ளே நின்றவன் திரும்பி அடித்தான். 2-2. அது அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகவில்லை, ஷூட் அவுட்டில் தோற்றார்கள், ஆனாலும் அந்த ஃப்ரீ கிக்குக்காகவே முழு ஆட்டத்தையும் மன்னிக்கலாம்.

கோல்கம்பம்

ஷூட் அவுட் வெறும் லாட்டரி. நாணயம் சுண்டினாலும் ஒன்றுதான்.

நாக்அவுட் நாயகன்

லாட்டரி என்று தோற்றவன்தான் சொல்வான். 2014 காலிறுதி, நெதர்லாந்து - கோஸ்டா ரிகா, 0-0. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் பயிற்சியாளர் வான் கால், நன்றாக ஆடிக்கொண்டிருந்த கோல்கீப்பர் சிலெசனை வெளியே கூப்பிட்டு, டிம் க்ருலை உள்ளே அனுப்பினார். பெனால்டிக்காக மட்டும்! க்ருல் ஐந்து அடிக்கும் சரியான பக்கம் பாய்ந்தார், இரண்டைத் தடுத்தார். லாட்டரியில் ஐந்துக்கு ஐந்து எப்படி வரும்?

இரவுப்பறவை

பெண்கள் உலகக் கோப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஷூட் அவுட் பற்றிப் பேசினால் 2023ஐ விட முடியாது. ஸ்வீடன் - அமெரிக்கா. கடைசி அடி ஸ்வீடனின் ஹுர்டிக். அமெரிக்க கோல்கீப்பர் நேஹர் தட்டிவிட்டார், பந்து மேலே எழும்பி அவருக்குப் பின்னால் விழப் போனது, திரும்பிப் பாய்ந்து மறுபடியும் வெளியே தட்டினார், தடுத்துவிட்டேன் என்று கையைக் காட்டிக்கொண்டு எழுந்தார். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோல். கோடு தாண்டியதைச் சொல்லும் தொழில்நுட்பம் அந்தக் கடிகாரத்துக்குத்தான் செய்தி அனுப்பும். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள், பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையுமா என்றே சந்தேகம். அதோடு அமெரிக்கா வெளியே. அதே தொடரில் ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும் ஆளுக்குப் பத்து அடி அடித்து 7-6 என்று முடித்தார்கள்.

அரைத்தூக்கம்

மஞ்சள் அட்டைக்குக்கூடக் கணக்கு உண்டு என்றார்கள், அது என்ன? எனக்கு இரண்டு மஞ்சள் ஒரு சிவப்பு என்பது வரைதான் தெரியும்.

கொடிப்பையன்

அது ஒரே ஆட்டத்தில். வேறு வேறு ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் வாங்கினாலும் அடுத்த ஆட்டம் உட்கார வேண்டும். 2002 அரையிறுதியில் ஜெர்மனியின் பல்லாக் தென் கொரியாவுக்கு எதிராக மஞ்சள் வாங்கினார், இறுதி ஆட்டம் போச்சு என்று அவருக்கே தெரியும். அதன்பிறகும் ஓடி, அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்து அணியை இறுதிக்கு அனுப்பிவிட்டு, இறுதியில் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரி இனி நடக்கக்கூடாது என்றுதான் 2010இலிருந்து காலிறுதி முடிந்ததும் பழைய ஒற்றை மஞ்சளை அழித்துவிடுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2018இல் ஜப்பானும் செனகலும் புள்ளி சமம், வித்தியாசம் சமம், அடித்த கோல் சமம், தங்களுக்குள் ஆடியதும் டிரா. கடைசியில் மஞ்சள் அட்டையை எண்ணினார்கள். ஜப்பானுக்கு நான்கு, செனகலுக்கு ஆறு. செனகல் வெளியே. ஜப்பான் அன்று போலந்திடம் 1-0 என்று தோற்றுக்கொண்டே கடைசிப் பத்து நிமிடம் பந்தைப் பின்னாலேயே உருட்டியது, முன்னால் போய் யாராவது மஞ்சள் வாங்கிவிடப் போகிறார்கள் என்று. மைதானம் முழுக்க ஊளை.

சமமானால் எதை முதலில் பார்ப்பது என்பதும் தொடருக்குத் தொடர் மாறும். 2022 வரை உலகக் கோப்பையில் கோல் வித்தியாசம் முதலில், யூரோவில் நேருக்கு நேர் ஆடிய முடிவு முதலில். குரூப்பைப் பிடிக்கும்போது இந்த ஒரு விதியை மட்டும் தாளில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கோல்கம்பம்

சரி தலைவரே, எந்த குரூப்? மெஸ்ஸிக்காக ஜே என்று சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

மூன்றாமிடம்

நான் மறுபடியும் ஈதான். ஜெர்மனி, எக்வடார், நான் மேலே சொன்ன அதே ஐவரி கோஸ்ட், அப்புறம் குராசோ. குராசோ ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழும் தீவு. உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது, அதற்கு முன் அந்தப் பெயர் 2018இல் ஆடிய ஐஸ்லாந்துக்கு இருந்தது. அவர்கள் ஜெர்மனியோடு ஒரு கோல் அடித்தால் போதும், எனக்கு அந்த மாதம் நிறைந்துவிடும். பெரிய அணிக்கு ஒரு கண், இப்படி ஒரு சின்ன அணிக்கு இன்னொரு கண், இரண்டும் ஒரே குரூப்பில் இருந்தால் வசதி. முதல்முறை வருகிறவர்கள் கேப் வெர்டி, ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் என்று இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் குரூப்களையும் பாருங்கள்.

அரைத்தூக்கம்

கோல்கம்பம், எழுந்து போய்விடுங்கள். ஜேதான். மெஸ்ஸிக்காக இல்லை, கொடிப்பையன் அண்ணா சொன்ன அல்ஜீரியா - ஆஸ்திரியாவுக்காக. சின்ன அணிக்கு ஜோர்டானும் இருக்கிறது. ஆறையும் காலண்டரில் போட்டுவிட்டேன், கிழமையோடு.

நேற்று ஒரு காரியம் செய்தேன். 2022 இறுதி ஆட்டத்தை, நான் விட்ட 79ஆவது நிமிடத்திலிருந்து முழுதாகப் போட்டுப் பார்த்தேன். முடிவு தெரியும், இருந்தாலும் 120 தாண்டி, கோலோ முவானி தனியாகக் கோல்கீப்பர் முன்னால் பந்தோடு வரும்போது எனக்கு மூச்சு நின்றது. மார்ட்டினெஸ் இடது காலை அப்படியே நீட்டித் தடுத்தாரே, நான்கு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.

ஒரு சந்தேகம். 116இல் பிரான்ஸுக்கு மறுபடி பெனால்டி கொடுத்தார்கள், எம்பாப்பே அடித்த பந்து ஒரு அர்ஜென்டினா வீரரின் முழங்கையில் பட்டதற்கு. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு குதித்தார், பந்தையே பார்க்கவில்லை. அதற்கெல்லாம் பெனால்டியா?

கொடிப்பையன்

கை உடம்போடு ஒட்டியிருந்தால் விட்டிருப்பார்கள். முழங்கை வெளியே நீட்டி இருந்தது, உடம்பை அகலமாக்கி இருந்தது, போகிற பந்தை மறித்தது. வேண்டுமென்று செய்தாரா, பார்த்தாரா என்பதெல்லாம் அங்கே கேள்வியில்லை. சரியான பெனால்டிதான்.

அந்த வீரர் மோன்டியெல். ஷூட் அவுட்டைக் கடைசிவரை பார்த்தீர்களா? அர்ஜென்டினாவுக்குக் கோப்பையை முடித்துக் கொடுத்த கடைசி அடியை எடுக்க வந்தது யார் என்று இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.

அரைத்தூக்கம்

பார்த்தேன். அதே ஆள். அடித்துவிட்டு ஜெர்ஸியால் முகத்தை மூடிக்கொள்கிறார்.